இறைப்புக்குச் சூரிய சக்தி: மானியத்துக்கு முன்னே சங்கம்

வவுனியாப் பகுதியிலே காலபோக நெல் மழையையும் குளத்தையும் நம்பி விளைகின்றது. மிளகாய், வெங்காயம், கத்தரி, பயற்றை முதலிய மேட்டுநிலப் பயிர்களோ கிணற்றையே நம்பி நிற்கின்றன. துலாவும் சூத்திரமும் மறைந்து மண்ணெண்ணெய் யந்திரம் வந்தபொழுது கமக்காரரின் தோளுக்கு ஓய்வு கிடைத்தது. ஆயின், அன்று தொடக்கம் தோட்டத்தின் உயிர் எங்கோ தூரதேசத்தில் விலை குறிக்கப்படும் எண்ணெயின் கையிற் சிக்கிற்று. 2022ஆம் ஆண்டிலே நாட்டில் எரிபொருள் அரிதாகி, பயிர் வாடக் கமக்காரர் வெற்றுக் கலன்களுடன் வரிசையில் நின்றனர். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. அந்த ஒரு மாற்றத்தினால் இறைப்பையே கைவிட்ட தோட்டங்கள் உண்டு.

ஆகவே சூரிய ஒளியினால் இயங்கும் நீரிறைக்கும் யந்திரத்தைப் பற்றிக் கமக்காரர் ஆவலுடன் பேசுவது வியப்பன்று. வெயில் மிகும் காலத்திலேயே பயிருக்குத் தண்ணீர் மிகுதியாக வேண்டப்படுவதால் இந்த யந்திரம் வறண்ட வலயத்துக்கு இயல்பாகவே பொருந்துவதொன்றாகும். எனினும் எந்தக் கூட்டத்திலும் முதலில் எழும் வினா, "மானியம் எவ்வளவு? யார் தருவார்?" என்பதே. இவ்வினா பிழையன்று. ஆனால் இரண்டாவதாகக் கேட்கவேண்டிய வினா முதலாவதாகக் கேட்கப்படுகின்றது. யந்திரம் யாருடையது, ஐந்தாம் ஆண்டில் அது பழுதுற்றால் திருத்துவதற்கான பணம் எங்கே இருக்கின்றது என்பதே முதலில் தீர்க்கப்படவேண்டியது.

இதனைக் கூறுவதற்குக் காரணம் உண்டு. 2000க்குப் பின் வந்த பத்தாண்டுகளில் இலங்கையின் வறண்ட வலயத்துக் கமக்காரருக்குச் சூரிய சக்தியால் இயங்கும் சொட்டு நீர்ப்பாசன உபகரணங்கள் ஆயிரக்கணக்கில் வழங்கப்பட்டன. அவற்றுட் பல சில ஆண்டுகளுக்குள்ளேயே பயன்படுத்தப்படாது கிடந்தன. நிலத்தின் பரப்புக்கு யந்திரத்தின் வலு போதாமையும், பழுது பார்க்க அருகில் ஆள் இன்மையும் குறைகளாகக் கூறப்பட்டன. சூரியன் குறைவின்றிக் காய்ந்துகொண்டுதான் இருந்தான்.

இதற்கு நேர்மாறான சம்பவம் ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. கோயம்புத்தூர் மாவட்டத்தில் மேட்டுப்பாளையத்துக்கு அருகிலுள்ள ஓடந்துறை ஊராட்சி, 2006ஆம் ஆண்டில் 350 கிலோவாற்று வலுவுள்ள காற்றாலை ஒன்றைத் தன் சொந்தப் பெயரில் விலைக்கு வாங்கியது. செலவு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி இந்திய ரூபா. ஊராட்சி தான் சேமித்த பணத்தை முன்வைத்து, எஞ்சிய பெருந்தொகையை வங்கியில் கடனாகப் பெற்றது. காற்றாலை ஊருக்குள்ளேயே நிற்கவில்லை. காற்று நன்கு வீசும் வேறோர் இடத்தில், உடுமலைப்பேட்டைப் பக்கத்தில் நிற்கின்றது. அது உண்டாக்கும் மின்சாரம் பொதுக் கம்பியிற் சேர்க்கப்பட்டு, ஊராட்சியின் குடிநீர் இறைப்புக்கும் தெருவிளக்குக்கும் வேண்டியது கழிக்கப்பட, மிகுதி மின்வாரியத்துக்கு விற்கப்பட்டது. அந்த வருமானத்திலிருந்தே கடன் தவணைகள் கட்டப்பட்டன. இங்கு கவனிக்கத்தக்கது காற்றாலையின் உயரமன்று. கடன் கேட்டுப் போகுமுன் அந்த ஊராட்சியிடம் ஒழுங்கான கணக்குப் புத்தகமும் சொந்தச் சேமிப்பும் இருந்தமையே வங்கியின் கதவைத் திறந்தது.

வவுனியாவிலும் இதற்கேற்ற அமைப்பு இல்லாமலில்லை. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்ப் பதிவுபெற்ற கமக்காரர் அமைப்புக்கள் ஊர்தோறும் உள்ளன. குளக்கட்டைத் துப்புரவு செய்வதற்கும் வாய்க்காலில் முறை வைப்பதற்கும் கூடும் அதே சங்கம், சூரியத் தகட்டுக்கும் உரிமையாளராக இருத்தல் கூடும். தனியொருவர் மானியம் பெற்று வாங்கிய யந்திரம் பழுதுற்றால் அது அவருடைய துன்பம் மட்டுமே. சங்கத்துக்குரிய யந்திரமாயின், இறைப்பு மணித்தியாலத்துக்கு ஒரு சிறு தொகை அறவிட்டுச் சேர்த்த பணம் பெட்டியில் இருக்கும்.

சங்கமாக இயங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதுவே முக்கியமானதும், அடிக்கடி மறக்கப்படுவதுமாகும். வன்னி நிலத்தின் அடியில் இருப்பது கருங்கற்பாறை. அதன்மேல் உக்கிய கல்லும் மண்ணுமான படையிலேதான் கிணற்று நீர் தங்குகின்றது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லைப் போன்று நீரைப் பெருமளவில் ஏந்திவைக்கும் நிலம் அன்று இது. ஒரு கிலோவாற்று வலுவுள்ள தகடு நல்ல வெயில் நாளில் நான்கு அலகு மின்சாரம் தருவதாகக் கொள்ளலாம். இருபத்துமூன்று அடி ஆழத்திலிருந்து அதனைக் கொண்டு ஏறத்தாழ 70,000 லீற்றர் நீரை இறைக்கலாம். இருபது அடி விட்டமுள்ள கிணற்றில் இது எட்டடி ஆழமான நீருக்குச் சமம். ஒரு ஏக்கர் மரக்கறிப் பயிருக்கு நாளொன்றுக்கு வேண்டியதோ 20,000 முதல் 25,000 லீற்றர் வரையே. மண்ணெண்ணெய் விலை இதுவரை கிணற்றுக்கு ஒரு பூட்டாக இருந்தது. எண்ணெய்ச் செலவை எண்ணியேனும் யந்திரத்தை நிறுத்துவர். சூரியனுக்கு விலை இல்லை. அயலவரின் கிணறும் தன்னுடைய கிணறும் ஒரே படையிலிருந்து ஊறுகின்றன என்பதை நினையாது நாள் முழுவதும் ஓடவிட்டால், ஆவணி மாதத்தில் இருவருக்கும் சேறே மிஞ்சும்.

இந்தச் சிக்கலுக்குக் குஜராத் மாநிலத்துத் துண்டி கிராமத்தவர் கண்ட வழி சிந்திக்கற்பாலது. இலங்கையில் பத்தரமுல்லையிலே தலைமையகத்தைக் கொண்டுள்ள சர்வதேச நீர் முகாமை நிறுவகத்தின் துணையோடு, 2016இல் அங்கு ஆறு கமக்காரர் சேர்ந்து சூரிய இறைப்புக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்தனர். தோட்டத்துக்கு வேண்டிய அளவு இறைத்தபின் எஞ்சும் மின்சாரத்தைச் சங்கத்தின் பெயரில் மின் நிறுவனத்துக்கு விற்கின்றனர். இதனால் வீணாக இறைக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் கைக்கு வரவேண்டிய பணத்தை இழக்கும் மணித்தியாலமாகின்றது. கிணற்றுக்கு மீண்டும் ஒரு பூட்டுக் கிடைத்தது.

இலங்கையிலும் கூரைகளில் உண்டாகும் சூரிய மின்சாரத்தைப் பொதுக் கம்பிக்கு விற்கும் ஒழுங்கு 2016 செப்டெம்பரில் தொடங்கிய "சூரிய பல சங்கிராமம்" என்னும் திட்டத்தினால் விரிவடைந்தது. மறு ஆண்டு ஆசிய அபிவிருத்தி வங்கி இதன்பொருட்டு 5 கோடி டொலர் கடன் வழங்க இசைந்தது. அது உள்ளூர் வங்கிகள் மூலமாகப் பாவனையாளரைச் சென்றடைய ஒழுங்கு செய்யப்பட்டது. ஊரின் நெற்களஞ்சியக் கூரையும் சங்கக் கட்டிடக் கூரையும் வெறுமையாகவே கிடக்கின்றன. தகடுகளை அங்கு பொருத்தி, மின்கம்பி எட்டும் கிணறுகளில் மின் யந்திரத்தை வைத்துக்கொள்ளலாம். எனினும் விற்பனையை மட்டுமே நம்பிக் கடன் எடுத்தல் தகாது. மின்சாரத்தின் கொள்விலையை அரசு காலத்துக்குக் காலம் மாற்றுகின்றது. 2025 பெப்ரவரி 9ஆம் நாள் நாடு முழுவதும் மின்தடை ஏற்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில், மின்தேவை குறைந்திருந்த புத்தாண்டு விடுமுறைப் பகல்களில், கூரைச் சூரிய மின்னை நிறுத்தி வைக்குமாறு உரிமையாளர் கேட்கப்பட்டனர். ஆகையால் எண்ணெய்ச் செலவில் மிஞ்சும் பணத்தைக் கொண்டே தவணையைக் கட்டமுடியுமா என்று முதலிற் கணக்கிட வேண்டும். விற்பனையால் வருவது மேலதிகமாகவே கருதப்படட்டும்.

சாண எரிவாயுவைப் பற்றியும் ஒரு சொல். ஒரு மாட்டின் சாணம் நாளொன்றுக்குச் சுமார் பத்துக் கிலோ. ஒரு குடும்பத்தின் அடுப்புக்கு நான்கைந்து மாடுகளின் சாணம் வேண்டும். ஆனால் வன்னி மாடுகள் பகலில் காட்டிலும் வயலிலும் மேய்வன. இரவில் பட்டியில் விழுவதே கைக்குக் கிடைப்பது. தொழுவத்தில் கட்டி வளர்ப்போருக்கே இது ஏற்றது. வைக்கோலிலிருந்து எரிவாயு பெறும் உலர் முறையொன்றை ஏக்கலையிலுள்ள தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் முன்னரே உருவாக்கியுள்ளது. அறுவடை முடிந்ததும் வயலில் வைக்கோலுக்குத் தீ வைப்போர் அதனை ஒருமுறை விசாரித்துப் பார்ப்பது நன்று.

மானியமோ கடனோ வரும்பொழுது விண்ணப்பப் படிவத்தை நிரப்புவது எளிது. அதற்கு முன்னர் சங்க அங்கத்தவர் ஒவ்வொருவரும் தத்தம் கிணற்றில் ஒரு வேலையைச் செய்துவைக்கலாம். ஆனி தொடக்கம் புரட்டாதி வரையுள்ள வறட்சி மாதங்களில், மாலை இறைப்பு நின்றதும் நீர்மட்டத்தைக் கயிற்றால் அளந்து எழுதுக. மறுநாட் காலை இறைப்புத் தொடங்குமுன் மீண்டும் அளந்து எழுதுக. இரவில் எத்தனை அடி ஊறிற்றோ, அந்த நீரின் அளவுக்கே தகட்டின் வலுவும் யந்திரத்தின் வலுவும் தெரியப்பட வேண்டும்.