வேலியில்லாத் துண்டங்கள்

வரப்பில்லாத நிலத்தை வயலென்று எவருங் கூறார். அளவுகோலைக் கையிற் பிடித்துக்கொண்டு, இக்கோல் விழுமிடமெல்லாம் என் வயலே என்பானை ஊரார் எள்ளி நகைப்பர். ஆயின் கணிப்பொறித் துறையில், நகைப்பிற்குரிய இச்செயல் 1978ஆம் ஆண்டில் நடந்தேறியது. நடந்தேறியதோடு நில்லாமல், அதற்குச் சீரிய பழம்பெயர் ஒன்றும் சூட்டப்பெற்றது. நினைவகத் துண்டமுறை என்பது அப்பெயர். பெயர் மெய், அப்பெயரின்கீழ் விற்கப்பட்ட பொருள் பொய்!

இன்று இதுபற்றிப் பேசுவார் இருசாரார். ஒருசாரார், இண்டெல் 8086 நுண்செயலியின் துண்டமுறை அறிவு சான்ற அமைப்பென்றும், அதனைப் பின்வந்தோர் கைவிட்டது பேரிழப்பென்றும் பாராட்டுவர். மற்றொரு சாரார் அசெம்பிளி எனப்படும் அடிநிலைக் கட்டளை மொழியில் அல்லற்பட்டவர்கள். துண்டம் என்னும் சொல் செவியிற் பட்ட அளவிலேயே முகஞ்சுளித்து, துண்டமுறை முழுதுமே தீது என்பர். இவ்விரு சாராரும் பிழைபட்டனர் என்கிறோம். முன்னவர் இல்லாத பெருமையைப் போற்றுகின்றனர். பின்னவரோ, செய்யாத குற்றத்திற்காக ஒரு நல்ல கொள்கையை ஒறுக்கின்றனர்.

துண்டம் என்பது யாது? 1961இல் வெளிப்போந்த பரோசு பி5000 என்னும் கணிப்பொறியைக் காண்க. அதில் நிரலின் ஒவ்வொரு பகுதியும், எண்களின் ஒவ்வொரு தொகுதியும் தனித்தனித் துண்டம். ஒரு துண்டம் எங்குத் தொடங்குகிறது, எத்துணை நீளமுடையது என்னும் இரண்டும் பொறியே படிக்கத்தக்க குறிப்பொன்றில் எழுதப்பட்டிருக்கும். நீளத்தைக் கடந்து ஓர் அறையைக் கேட்டால், பொறியே மறுத்துவிடும். 1960களின் நடுவில் தொடங்கப்பெற்ற மல்ட்டிக்சு இயக்க அமைப்பிலும் துண்டத்திற்கு நீளம் உண்டு. படிப்பார் யார், எழுதுவார் யார் என்னும் உரிமை வரையறையும் உண்டு. எல்லையும் காவலும் இருந்தால்தான் அது துண்டம். இவையின்றிப் பெயர்மட்டும் இருந்தால் என்ன பயன்?

இனி 8086இற்கு வருவோம். அதன் பதிவகம் ஒவ்வொன்றும் பதினாறு இருமக் குறிகளைக் கொள்வது. அதனால் எண்ணக்கூடியவை 65,536 நினைவறைகளே. முகவரிக் கம்பிகளோ இருபது. அவை எட்டக்கூடிய அறைகள் 10,48,576. சிறிய கையால் பெரிய குடத்தை எவ்வாறு தூக்குவது? இரண்டு எண்களைச் சேர்த்துத் தூக்கினர். துண்ட எண் ஒன்று, தொலைவெண் மற்றொன்று. துண்ட எண்ணைப் பதினாறால் பெருக்கித் தொலைவெண்ணைக் கூட்டினால் அறையின் முகவரி கிடைக்கும். அவ்வளவே! இதில் நீளம் எங்கே? காவல் எங்கே? உரிமை எங்கே? 65,536 அறை நீளமுள்ள ஓர் அளவுகோலைப் பதினாறு அறைக்கு ஒருமுறை எங்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். கோலின்மேல் கோல் படியும், ஒருவன் நிலத்தில் மற்றொருவன் கோல் விழும், கேட்பார் இல்லை.

பதினறும எண்முறையில் 12345 என்னும் அறையை எடுத்துக்கொள்க. துண்ட எண் 1234, தொலைவெண் 0005 என்றாலும் அவ்வறையே. 1000, 2345 என்றாலும் அவ்வறையே. 1230, 0045 என்றாலும் அதுவே. இவ்வாறு ஓர் அறைக்கு 4,096 பெயர்கள் வரை உள. நம் இலக்கணத்தில் அண்மைச் சுட்டும் உண்டு, சேய்மைச் சுட்டும் உண்டு. இவன் என்றாலும் அவன் என்றாலும் சுட்டப்படும் ஆள் ஒருவனே என்பதிற் குழப்பமில்லை. 8086இற்கு எழுதும் நிரலரும் அண்மைச் சுட்டு, சேய்மைச் சுட்டு என இருவகைச் சுட்டு வைத்திருந்தனர். ஆனால் அங்கே ஒரே அறையைச் சுட்டும் இரு சேய்மைச் சுட்டுகளை ஒப்பிட்டால், அவை வேறுவேறு என்று பொறி கூறும்! அக்கொடுமையைத் தவிர்க்க, ஒப்பிடுமுன் ஒவ்வொரு சுட்டையும் பிரித்து, தொலைவெண் பதினைந்தைக் கடவாவண்ணம் துண்ட எண்ணைத் திருத்தி அமைத்தல் வேண்டும். ஒரு கூட்டலுக்கு ஐந்தாறு கட்டளை.

ஈரறை கொள்ளும் எண்கள் 40,000 ஒரு தொகுதியாக வேண்டும் என்க. அதற்குத் தேவை 80,000 அறைகள். தொலைவெண் 65,535ஐக் கடந்ததும் ஓசையின்றிச் சுழியத்திற்குத் திரும்பிவிடும். எனவே 32,769ஆம் எண், முதல் எண்ணின்மேல் எழுதப்படும். அதற்கடுத்தது இரண்டாவதன்மேல். இப்படி 7,232 எண்கள் தம் முன்னோரை அழித்துவிட்டு அமர்ந்துகொள்ளும். பொறி ஒரு சொல்லும் கூறாது. இதனை எழுதுவோன் தன் பயிற்சி நாளில், கூட்டுத்தொகை ஏன் பிழைபடுகிறது என்று இரண்டு பகலும் ஓரிரவும் தேடியிருக்கிறான். பிழை கூட்டலில் இல்லை. பரோசு பொறியாயின், எல்லை கடந்த அந்நொடியே நிறுத்தியிருக்கும். அதுவன்றோ துண்டம்!

சின்னஞ்சிறு இடுக்கண்களுக்கும் குறைவில்லை. துண்டப் பதிவகத்துள் ஓர் எண்ணை நேரே இட இயலாது. பொதுப் பதிவகத்துள் இட்டுப் பின்னரே மாற்ற வேண்டும். அடுக்கின் துண்ட எண்ணையும் தொலைவெண்ணையும் மாற்றுகையில், இரண்டிற்கும் நடுவே ஓர் இடையீடு புகுந்துவிட்டால் எல்லாம் பாழ். அதற்கென அடுத்த ஒரு கட்டளை முடியும்வரை இடையீட்டைத் தடுத்து வைத்தனர். 8088 சில்லின் முதற்படிகளில் அத்தடுப்பே பிழைபட்டிருந்தது.

அன்றைய நிலையில் வேறு வழியில்லை என்று அமைதி கூறுவாருளர். முழுதும் மறுக்கவில்லை. 8086ஐ வகுத்த இசுடீபன் மோர்சு முதலியோர் மீது நமக்குச் சினமில்லை. எல்லையும் காவலும் உடைய 432 என்னும் பெரும்பொறியை இண்டெல் நிறுவனமே அக்காலத்தில் ஆக்கிக்கொண்டிருந்தது. அது காலந்தாழ்ந்தது, 1981இல் வெளிவந்தபோது நத்தையாய் ஊர்ந்தது. இடைக்காலத்திற்கு ஒட்டுப்போட வந்ததே 8086. முந்தைய 8080இற்கு எழுதிய நிரல்களை எளிதில் மாற்றிக்கொள்ளும்படி அது அமைதல் வேண்டுமென்பது வாணிகத் தேவை. துண்ட எண்ணை மட்டும் மாற்றி ஒரு சிறு நிரலை நினைவகத்தில் எங்கு வேண்டுமானாலும் இறக்கலாம் என்பதும் உண்மை, அந்நன்மையை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் அடுத்த ஆண்டே, 1979இல், மோட்டொரோலா 68000 வந்ததே! முப்பத்திரண்டு குறிப் பதிவகமும், 1,67,77,216 அறைகளுக்கு ஒரே நேர்வரிசை எண்ணும் அதில் இருந்தனவே! அது பெரிய சில்லு, மின்மப் பெருக்கிகளும் 8086ஐப் போல் இருமடங்கிற்கு மேல் என்பது மெய். விலைக்குப் பணிந்தோம் என்று நேர்மையாகக் கூறியிருந்தால் இக்கட்டுரைக்கே இடமில்லை. பணிவை மேன்மையென்று விளம்பியதே பிழை.

1981இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணிப்பொறிக்கு 8088ஐத் தேர்ந்தபின், ஒட்டு நிலைத்துவிட்டது. நிரல்களுக்கு 640 ஆயிரக் கூறு, திரைக்கும் நிலைநினைவிற்கும் எஞ்சியவை என்று நிலம் பங்கிடப்பட்டது. நிரலர் துண்ட எண்ணைக் கணக்கெண்ணாகவே கையாளத் தொடங்கினர். 65,536 அறை முன்னேற வேண்டுமா, துண்ட எண்ணோடு 4,096ஐக் கூட்டு என்றனர்.

இங்கேதான் பொய்ப்பெயர் தன் பழியை வாங்கியது. 1982இல் 80286 வந்தது. அதன் காப்புமுறையில் மெய்யான துண்டம் இருந்தது. தொடக்கம், நீளம், உரிமை மூன்றும் ஒரு பட்டியலில் எழுதப்பட்டன. துண்டப் பதிவகத்தில் உள்ளது இனி கணக்கெண் அன்று. பட்டியலில் எந்த வரி என்று காட்டும் சுட்டு. அதனோடு 4,096ஐக் கூட்டினால் என்னாகும்? வேறொரு வரி, அல்லது வெறுமை. பொறி நிரலைப் பிடித்து நிறுத்தும். பழைய நிரல்கள் பல அங்கு நடவா. வேலியிட வந்தவனை, வேலியின்றிப் பழகிய மாடுகள் முட்டித் தள்ளின! காப்புமுறை புகுந்த 80286இற்கு அதனின்று வெளிவரும் கட்டளையும் இல்லை. 1984இன் ஐ.பி.எம். ஏ.டி. பொறியில், விசைப்பலகையைக் கவனிக்கும் சில்லிடம் சொல்லிச் செயலியையே மீளத் தொடக்கினர். 10,48,576ஐக் கடந்த முகவரி பழைய செயலியில் சுழியத்திற்குச் சுற்றிவந்ததை நம்பியிருந்த நிரல்களுக்காக, இருபத்தோராவது முகவரிக் கம்பியை அடைக்கும் கதவையும் அதே சில்லிடம் ஒப்படைத்தனர். தட்டெழுத்தைப் பார்க்க வந்த ஏவலனுக்கு ஊரின் திறவுகோலும் சேர்ந்தது.

1985இல் 80386 வந்தபோது, நிரலர் உலகம் துண்டம் என்றாலே வெறுத்திருந்தது. இயக்க அமைப்புகளை எழுதியோர் எல்லாத் துண்டங்களையும் சுழியத்தில் தொடங்கி முழு நினைவகத்தையும் அளாவச் செய்து, துண்டமுறையைச் செயலற்றதாக்கினர். 2003இல் ஏ.எம்.டி. நிறுவனத்தின் அறுபத்துநான்கு குறிச் செயலி அதனைப் பெரும்பாலும் நீக்கியேவிட்டது. 4,096 அறை கொண்ட ஏடுகளின் காவல் மட்டும் எஞ்சியது. ஒரே நிரலுக்குள் ஒரு தொகுதி மற்றொன்றின்மேல் வழிந்து எழுதுவதை அவ்வேட்டுக்காவல் தடுக்குமா? தடுக்காது. அவ்வழிவே இன்றளவும் கள்வர் நுழையும் பெருவாயிலாக இருக்கிறது. பரோசு பொறி அடைத்த வாயில் அது!

இன்று அவ்வேலி வேறு பெயருடன் திரும்புகிறது. கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தார் 2010 முதல் செரி என்னும் பெயரால், சுட்டிலேயே எல்லையும் உரிமையும் பொதிந்து வைக்கும் பொறியமைப்பை ஆய்ந்து வருகின்றனர். ஆர்ம் நிறுவனத்தின் மொரெல்லோ ஆய்வுப்பலகை 2022இல் வெளிவந்தது. துண்டம் என்னும் சொல்லை அவர்கள் முன்னிறுத்தவில்லை. முன்னிறுத்தியிருந்தால் எத்துணைப் பேர் செவிசாய்த்திருப்பர்?

நம் பொறியியற் கல்லூரிகள் பலவற்றில் 8086 இன்றும் கற்பிக்கப்படுகிறது. கற்பிக்கட்டும். ஆனால் பதினாறால் பெருக்கிக் கூட்டும் வாய்பாட்டை எழுதிவிட்டு, இதுவே துண்டமுறை என்று மாணவரை மயக்க வேண்டா. ஈரறை எண்கள் 40,000ஐ ஒரு தொகுதியாக அமைக்கச் சொல்க. 32,769ஆம் எண்ணை எழுதச் செய்து, பின்னர் முதல் எண்ணை எடுத்துப் பார்க்கச் சொல்க.