மழையை வாசிக்க ஆளிருக்கு, மழையைச் சொல்ல ஆளில்லை

உயர்தரத்துக்குப் பாடம் தெரிவு செய்யும் காலம் வந்தால் ஊரில் கேட்கும் பெயர் இரண்டுதான்: டொக்டர், இன்ஜினியர். "நான் வானிலை படிக்கப் போறேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால், "டீவீல மழ வருமெண்டு செல்றதும் ஒரு தொழிலா?" என்று சிரிக்கிறோம்.

சிரிக்கிற விசயமா இது?

நமது தமிழ்ச் செய்திகளைப் பாருங்கள். கடைசியில் ஒரு நிமிடம். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையை அறிவிப்பாளர் வாசிப்பார். கிழக்கில் சில இடங்களில் 100 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை எதிர்பார்க்கப்படுகிறது. முடிந்தது. அவரில் பிழையில்லை, அவர் கையில் கொடுத்தது அந்தத் தாள் மட்டும்தான். ஆனால் எந்த இடம்? எத்தனை மணிக்கு? ஏற்கனவே நிரம்பிக் கிடக்கும் வட்டையில் இன்னும் 100 மில்லிமீற்றர் விழுந்தால் எந்த வீதி மூழ்கும்? இதைச் சொல்ல அங்கே யாருமில்லை.

சென்னையில் எஸ்.ஆர். ரமணன் 2016 இல் ஓய்வுபெறும் வரை மாரி காலத்தில் தொலைக்காட்சியில் வந்து பேசினார். அவர் அங்குள்ள புயல் எச்சரிக்கை மையத்தின் இயக்குநர். தாழமுக்கத்தைக் கண்காணித்த அதிகாரியே தமிழில் விளக்கியதால், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் அவரைத் தெரிந்திருந்தது.

இங்கே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியல் துறையைச் சேர்ந்த நாகமுத்து பிரதீபராஜா முகநூலில் எழுதுவதை விவசாயியும் மீனவரும் தேடி வாசிக்கிறார்கள். அவர் சம்பளம் வாங்குவது கற்பிப்பதற்கு. வானிலை சொல்வது அவர் மேலதிகமாகச் செய்யும் சேவை. தேவை இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

1978 நவம்பர் 23 சூறாவளியை மூத்தவர்களிடம் கேளுங்கள். 2024 நவம்பர் 26 இல் காரைதீவு, மாவடிப்பள்ளி வெள்ளத்தில் நாம் இழந்த மதரஸாப் பிள்ளைகளை மறந்துவிட்டோமா? 2025 நவம்பரில் 'டித்வா' நாடு முழுவதும் 600 இற்கும் அதிகமானோரைக் கொண்டுபோனது. எச்சரிக்கையே வரவில்லை என்று நான் சொல்லவில்லை. அந்த எச்சரிக்கைக்கும் எங்கள் வாசற்படிக்கும் நடுவில் நின்று, எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி, எங்கள் பேச்சில் விளக்க ஒரு ஆள் இல்லை என்கிறேன்.

"போன்ல பாக்கலாந்தானே" என்பீர்கள். போனில் மேகப் படம் வரும். தோணி தள்ளப் போகிறவரை மறித்து வைக்க அந்தப் படத்தால் முடியாது. வருடக் கணக்காகப் பார்த்துப் பழகிய, சொன்னால் நம்பக்கூடிய ஒரு முகத்தால்தான் முடியும்.

பாட்டுப் போட்டிக்கு மேடை போடக் காசிருக்கிற சனல்களுக்கு, பௌதிகவியல் படித்த ஒரு பட்டதாரியை வானிலைக்கென்று சம்பளத்துக்கு வைக்க முடியாதா? வேலையே இல்லாத துறைக்குப் பிள்ளையை அனுப்பு என்று எந்தப் பெற்றோரிடம் போய்ச் சொல்வது?

ஆகவே இரண்டு பக்கமும் தள்ள வேண்டும். மீனவர் சங்கங்களும் விவசாய அமைப்புகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் சனல்களுக்குக் கடிதம் எழுதட்டும்: வாசிப்பவர் மட்டும் போதாது, வானிலை படித்தவர் வேண்டும், தமிழில் வேண்டும். ஆசிரியர்களே, இணைந்த கணிதமும் பௌதிகவியலும் படிக்கிற பிள்ளைகளிடம் இந்தத் தொழிலின் பெயரையும் ஒருமுறை சொல்லுங்கள். பெற்றோரே, அந்தப் பிள்ளை வந்து கேட்டால் சிரிக்காதீர்கள்.

அடுத்த மாரிக்கு அதிக நாளில்லை.