மஞ்சள் மாத்திரை இரண்டு



சென்ற மாதம் நோயுற்றோரைக் காணச் சென்றபோது, முடக்குவாதத்தால் நெடுநாள் வருந்தும் தாயார் ஒருவர், தம்ளரைப் பற்ற விரல் மடங்காமல், மேசைமேல் வைத்தே குனிந்து காப்பி அருந்தக் கண்டோம். வாயெல்லாம் புண். "உப்பு பட்டாலே எரிகிறது சாமி" என்றார். மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்தோம். எழுதியிருந்த இரண்டில் ஒன்றை அவர் வாங்கவேயில்லை. "அது வெறும் சத்து மாத்திரைதானே சாமி, வீண் செலவு" என்றார்.

அவர் தள்ளியது போலிக் அமிலம்; கீரையிலும் பயறுகளிலும் உள்ள 'பி' வகை வைட்டமின். உண்டு வந்ததோ மெத்தோட்ரெக்சேட். மூட்டு வீக்கத்தை அடக்கும் இந்நல்ல மருந்து, உடலில் போலிக் அமிலத்தின் வேலையைத் தடுப்பது. எனவே ஓயாது புதுப்பிக்கப்படும் வாயின் உட்தோலும் குடலும் முதலில் வாடும், ஈரலும் தாக்குறும். இவற்றைத் தணிக்கவே, பெரும்பாலும் வாரத்திற்கு 5 மில்லிகிராம் போலிக் அமிலத்தை, மருந்துண்ணாத வேறொரு நாளில் தருகின்றனர்.

வியப்பு என்னவெனில், இவ்விரண்டையும் ஆக்கியது ஒரே குழு. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் 1940-களில் வழிநடத்திய குழு அது. 1948-இல் அவர் மறைந்தார். புற்றுநோய்க்கென எழுந்த மெத்தோட்ரெக்சேட்டை முடக்குவாதத்திற்கும் வழங்க அமெரிக்க அரசு ஒப்பியது 1988-இல்தான்.

மற்றொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முடக்குவாதத்திற்கு மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே நாள்தான். தவறி நாள்தோறும் உண்டு உயிரிழந்தோர் உண்டு. இரண்டும் சிறு மாத்திரைகள். பல வேளைகளில் இரண்டுமே மஞ்சள் நிறம். கண் மங்கிய முதியோர் மாற்றி எடுப்பது எளிது. ஒரே டப்பாவில் கொட்டி வைக்கலாகாது.

ஸ்டீராய்டு மாத்திரையை நெடுநாள் உண்போர்க்கு எலும்பு மெலியுமாதலால், வைட்டமின் 'டி'யும் சுண்ணச்சத்தும் எழுதித் தருவர். அதுவும் வீண் செலவன்று. ஆனால் திருவிழாக் கடைகளில் 'மூட்டைக் குணமாக்கும் சத்து டானிக்' எனக் கூவி விற்பதற்குப் பணம் கொடுக்காதீர்கள். முடக்குவாதத்தைத் தீர்க்கும் வைட்டமின் எதுவும் இல்லை.

அத்தாயாரை அன்றே மருத்துவரிடம் அனுப்பினோம். இம்மருந்தால் வாய்ப்புண் கண்டால் இரத்தத்தைச் சோதித்தாக வேண்டும். நல்லவேளை, இரத்தத்தில் குறையில்லை; புண்ணும் மெல்ல ஆறிற்று. இப்பொழுது அவ்வீட்டுக் காலண்டரில், பேத்தி ஞாயிறுதோறும் வட்டமும் புதன்தோறும் பெருக்கல் குறியும் இட்டு வருகிறாள்.