ஏலப் பணத்துக்கும் ரசீது வேண்டும்: சபைக் கணக்கு குறித்து எங்கள் நிலைப்பாடு

தென்னிந்தியத் திருச்சபையின் தமிழகச் சேகரங்களைச் சேர்ந்த சபையார் நாங்கள். சபையின் வரவு செலவை ஒழுங்காக எழுதி, தணிக்கை செய்து, காணிக்கை போட்டவர்கள் முன் வைக்க வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. ஆண்டவருக்குக் கொடுத்ததற்குக் கணக்குக் கேட்கலாமா என்ற பேச்சை நாங்கள் ஏற்கவில்லை. எருசலேம் சபைக்காகச் சேர்த்த பணத்தைப் பவுல் தனியாளாகக் கையாளவில்லை. யாரும் குறை சொல்ல இடமிருக்கக் கூடாதென்று, சபைகள் தெரிந்தெடுத்தவரையும் உடன் சேர்த்துக்கொண்டார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 8ஆம் அதிகாரத்தில் இது இருக்கிறது.

அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பாருங்கள். ஒரு வாழைத்தார் சில ஆயிரத்துக்குப் போகிறது. தொகையை மைக்கில் சொல்கிறார்கள், ஒருவர் நோட்டில் குறித்துக்கொள்கிறார், எடுத்தவர் "அடுத்த மாசம் தர்றேன்" என்று தாரைத் தூக்கிக்கொண்டு போகிறார். அடுத்த பண்டிகை வரும்போது வசூல் எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்று கேட்டால் பதில் வராது. பெரும்பாலும் இதில் திருட்டு இருக்காது. ஆனால் ஊர் சந்தேகப்படும்போது நேர்மையான பொருளாளரிடம் எடுத்துக்காட்ட ஒரு தாள்கூட இருப்பதில்லை. எங்கள் மனத்தை அதிகம் வருத்துவது இதுதான். நல்லவர்கள் பலர் அந்தப் பொறுப்பே வேண்டாம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

ஏலம் முடிந்த கையோடு எண்ணிட்ட ரசீது தர வேண்டும். ஞாயிறு காணிக்கையை ஒரே குடும்பத்தைச் சேராத இருவர் எண்ணிக் கையெழுத்திட்டு, மறுநாளே வங்கியில் கட்ட வேண்டும். கட்டட வேலைக்குக் கமிட்டி உறுப்பினரின் உறவினர் விலைப்புள்ளி கொடுத்தால், முடிவெடுக்கும் கூட்டத்தில் அந்த உறுப்பினர் உட்காரக் கூடாது. மணியடித்துக் கோவிலைப் பெருக்கிப் பூட்டுகிறவருக்கு, அது ஊழியந்தானே என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைப்பது எங்களுக்குச் சம்மதமில்லை.

அரசின் பிடியும் இறுகியிருக்கிறது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தத்துக்குப் பின், அந்த நன்கொடை டெல்லியிலுள்ள ஸ்டேட் வங்கியின் ஒரே கிளையில்தான் வந்து சேர வேண்டும். அதில் நிர்வாகச் செலவுக்கான வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. இது சிறுபான்மையினர் மீதான நெருக்கடி என்று கவலைப்படுகிறவர்களோடு நாங்களும் நிற்கிறோம். ஆனால் அந்தக் கவலையை எடுத்துப் பேசப் போகும்போது நம் கணக்குப் புத்தகத்தில் ஓட்டை இருக்கக் கூடாது.

வரும் பண்டிகை முதல் எங்கள் உறுப்பினர்கள் ரசீது இல்லாமல் ஏலப் பணம் கட்ட மாட்டார்கள். ஆண்டுக் கணக்கைச் சபைக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே அறிவிப்புப் பலகையில் ஒட்டவேண்டும் என்ற தீர்மானத்தைத் தங்கள் சேகரக் கமிட்டியில் கொண்டுவருவார்கள்.