குருவியா குற்றவாளி?

அமெரிக்காவில் ஸ்டார்லிங் என்றொரு பறவை. நம் மைனாவின் இனம். யூஜின் ஷீஃபெலின் என்ற சீமான் ஐரோப்பாவிலிருந்து தருவித்து, 1890இல் நியூயார்க் நகரப் பூங்காவில் பறக்கவிட்டார். இன்று கண்டமெங்கும் பரவிவிட்டது. குளிர்காலத்தில் மாட்டுப் பண்ணைகளில் கூட்டங்கூட்டமாக இறங்கித் தீவனத்திலுள்ள தானியத்தைப் பொறுக்கித் தின்கிறது. மிச்சத்தில் எச்சமிட்டு நோய் பரப்புகிறது. நஷ்டம் மெய்தான்.

பரிகாரம் என்ன? விஷம்! டி.ஆர்.சி. 1339 என்ற விஷத்தைத் தீனியில் கலந்து வைக்கிறது அமெரிக்க விவசாய இலாகா. 2009 ஜனவரியில் நியூஜெர்சி மாகாணத்து பிராங்க்ளின் வட்டாரத்தில், வாசலிலும் கார்கள் மீதும் செத்த பறவைகள் விழ, மக்கள் பதறினார்கள். விஷம் வைத்தது ஒரு பண்ணையில்! அது தின்றவுடன் கொல்லாது. ஓரிரு நாள் கழித்தே கொல்லும். லாபம் பண்ணைக்கு, பிணம் ஊருக்கு! வயலில் மருந்தடிக்கும் தோழர்களுக்குத் தெரியும்: விஷம் தெளித்த இடத்தோடு நிற்பதில்லை.

கொன்றதால் தொல்லை ஒழிந்ததா? இல்லை. ஆயிரக்கணக்கான மாடுகளை ஒரே பட்டியில் அடைத்து, தீவனத்தைத் திறந்த தொட்டியில் கொட்டினால் அடுத்த கூட்டம் வராதா?

வேறு வழி உண்டு. கொட்டகைக்கு வலை கட்டலாம். வாசலில் பிளாஸ்டிக் பட்டைத் திரை தொங்கவிடலாம். சிந்திய தானியத்தை அன்றன்றே கூட்டலாம். பறவை விழுங்க முடியாதபடி, அரை அங்குலத்துக்கு மேல் பருமனான கட்டிகளாகத் தீவனம் போடலாம். பொழுது சாய்ந்தபின் தீனி வைக்கலாம். இதற்கெல்லாம் ஆள் வேண்டும், கூலி வேண்டும். அங்கேதான் முதலாளியின் கை சுருங்குகிறது!

பறவையைக் கொண்டுவந்தது சீமான். பந்தி விரித்தது பண்ணை முதலாளி. தொட்டியை மூடாமல் விஷத்தைத் தூவுவது பரிகாரமல்ல, கணக்கை ஊரார் தலையில் எழுதும் தந்திரம்!