பல்லில் கறை... முதுகில் சிறை!

உங்க கிளாஸ்ல தருமபுரி பக்கமிருந்து வர்ற ஃப்ரெண்ட் யாராவது இருக்காங்களா? குரூப் போட்டோன்னா வாயைத் திறக்காமலே சிரிப்பாங்களே... அவங்களைத்தான் கேட்கிறேன். ‘டேய், பல்லே விளக்க மாட்டியா?’ன்னு ஒரு தடவையாவது கலாய்ச்சிருப்பீங்க. பாஸ், அந்தப் பழுப்புக் கறைக்கும் பிரஷ்ஷுக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இல்லை. சின்ன வயசுல, ஈறுக்குள்ளே பல் உருவாகிட்டிருந்தப்போ குடிச்ச தண்ணி போட்ட கையெழுத்து அது!

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பூமிக்கடியில் இருப்பது கடினப் பாறை. அதிலுள்ள ஃபுளோரைடு கொஞ்சம் கொஞ்சமாக நிலத்தடி நீரில் கரைகிறது. ஒரு லிட்டர் குடிநீரில் 1.5 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. அதைத் தாண்டிய போர்வெல் தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தால் வருவதுதான் ‘ஃபுளோரோசிஸ்’.

பல்லோடு போனால் பரவாயில்லை. அடுத்த டார்கெட் எலும்பு. அப்புறம் நரம்பு!

எப்படி? மூளையின் அடியிலிருந்து இறங்கும் தண்டுவடம் நம்ம சுண்டுவிரல் தடிமன்தான். நீளம் சுமார் 45 செ.மீ. முதுகெலும்புக்குள் குழாய் மாதிரி ஒரு பாதையில் அது பத்திரமா இருக்கு. அதிலிருந்து 31 ஜோடி நரம்புகள் எலும்பு இடுக்குகள் வழியே வெளியே கிளம்புது. ‘நட’ன்னு மூளை காலுக்குப் போடுற ஆர்டரும், ‘ஐயோ சுடுது’ன்னு விரல் அனுப்புற தகவலும் போய் வர்றது இந்த ரூட்டில்தான். வேகமான நரம்பிழைகளில் மணிக்கு 400 கிலோமீட்டருக்கும் மேல்!

ஃபுளோரைடு சேரச் சேர எலும்பு தடிக்குது. எலும்புகளைக் கட்டிப் பிடிச்சிருக்கிற நார்களும் சுண்ணாம்பேறி இறுகுது. பாதை குறுகி, உள்ளே இருக்கிற தண்டுவடமும் நரம்பு வேர்களும் நசுங்குது. முதலில் முதுகுவலி, திருப்ப முடியாத கழுத்து. ‘வயசானா வர்றதுதானே’ன்னு வீட்டுல விட்டுடுவாங்க. பிறகு கை, கால் மரத்துப்போகும். கால் விறைச்சு நடை தள்ளாடும். சிலருக்குப் படுக்கையே கதி.

அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் பகுதியில் இந்த நரம்பு பாதிப்பைப் பார்த்து, டாக்டர் ஷார்ட் குழுவினர் கட்டுரை எழுதியது 1937-ல். தருமபுரி, கிருஷ்ணகிரிக்குக் காவிரித் தண்ணீர் தரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பயன்பாட்டுக்கு வந்தது 2013-ல். நடுவில் 76 வருஷம்!

இறுகிய எலும்பைப் பழையபடி ஆக்க மருந்து இல்லை. ஆபரேஷன் செய்தாலும் நசுங்கிய நரம்பு முழுசா மீளும்னு கேரண்டி இல்லை. ஆனா, தடுக்கிறது நம்ம கையில. ஆற்றுத் தண்ணீர் குழாய் இருந்தா குடிக்க, சமைக்க அது மட்டும். போர்வெல் தண்ணி துவைக்க, குளிக்க. கொதிக்க வெச்சா சரியாப் போயிடும்னு நினைக்காதீங்க. தண்ணிதான் ஆவியாகும், ஃபுளோரைடு அங்கேயே நிற்கும். கண்ணுக்கும் நாக்குக்கும் அது தெரியாது, டெஸ்ட் பண்ணினால்தான் தெரியும். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துல பரிசோதிக்கலாம். கூடவே பாலும், நம்மூர் கேழ்வரகுக் களியும் இருக்கட்டும். அதிலுள்ள கால்சியம், ஃபுளோரைடு உடம்பில் சேருவதைக் குறைக்கும்.

லீவுக்கு ஊருக்குப் போறப்போ, பாட்டி குடிக்கிற தண்ணி, குட்டித் தம்பி குடிக்கிற தண்ணி எந்தக் குழாய்ல வருதுன்னு கேளுங்க.

அப்புறம், அந்த ஃப்ரெண்டுகிட்ட ஒரு ஸாரி! அடுத்த குரூப் போட்டோவுல அவங்க வாய்விட்டுச் சிரிக்கணும். சரியா?