ஒரு புட்டிப் பாலைவனம்

இரண்டாம் உலகப் போரின் பாலைவன டாங்கி மாதிரிகளை வெதரிங் செய்வது, அதாவது அடிபட்டுத் தேய்ந்ததுபோலக் காட்டுவது எப்படி என்று நண்பர் ஒரு கட்டுரையில் உபதேசித்திருக்கிறார். பாலைவனத்துக்கு ஒரே நிறமாம், மணல் மஞ்சள். பெயிண்ட் உரிந்த இடமெல்லாம் துருவாம். சேறு என்ற பேச்சுக்கே இடமில்லையாம். பிறர் வேலையில் ‘வரலாற்றுத் துல்லியம்’ இல்லை என்று திட்டிவிட்டு, கடைசியில், இது கலை, ஆதாரம் கேட்பது அற்பத்தனம் என்றும் ஒரு போடு.

வட ஆப்பிரிக்கா என்றாலே மஞ்சள்தான் என்பவர், 1941 மார்ச் முற்பகுதியில் திரிப்போலித் துறைமுகத்தில் இறங்கிய ஜெர்மானிய டாங்கிகள் அடர்சாம்பல் பூச்சோடு வந்ததை எங்கே ஒளித்துவைத்தார்? மஞ்சள்பழுப்புக்கும் (ஜெர்மானிய வண்ணப் பட்டியலில் ரால் 8000) பச்சைச்சாம்பலுக்கும் (ரால் 7008) உத்தரவு பிறந்ததே மார்ச் 17-இல்தான். அடுத்த ஆண்டு அவையும் போய் 8020, 7027 வந்தன. எதிரணியில் பிரிட்டிஷ்காரர்கள் கான்ட்டர் முறை என்று மூன்று நிறங்களைக் கோணல் பட்டைகளாகத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். இத்தனையையும் ஏர்பிரஷ்ஷின் ஒரே வீச்சில் புதைத்துவிட்டு, அதற்கு ‘வரலாற்றுத் துல்லியம்’ என்று பெயர் வேறு!

துரு விஷயத்தில்தான் நண்பரின் மேதைமை முழுதாக வெளிப்படுகிறது. பாலைவனத்தில் ஈரமே கிடையாது என்று ஒரு பத்தியில் அடித்துச் சொல்பவர், அடுத்த பத்தியில் ஸ்பாஞ்சை எடுத்து, கல்யாண வீட்டில் பன்னீர் தெளிப்பதுபோல டாங்கி முழுக்கத் துருவைத் தெளிக்கிறார். ஈரமில்லாத ஊரில் அந்தத் துருவை வளர்த்தது யார்? 1941-இன் டாங்கியில் மேல்பூச்சு தேய்ந்தால் முதலில் எட்டிப்பார்ப்பது பழைய சாம்பல். அதற்குக் கீழே செம்பழுப்பு பிரைமர். இரும்பு அதற்கும் அடியில். இதைக் காட்ட வித்தை ஒன்றும் வேண்டாம்: சாம்பல் அடித்து, அதன்மேல் ஹேர்ஸ்பிரே, அதற்கும் மேல் மஞ்சள், பிறகு விறைப்பான பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்து, வீரர்களின் பூட்ஸ் படும் ஹேட்ச் விளிம்பில் மட்டும் தேய்த்து, சாம்பல் தலைகாட்டியதும் கையை எடுத்துவிட வேண்டும். அந்தக் கையை எடுப்பதுதான் நண்பருக்கு வராதது. 1/35 அளவில் அவர் வைத்த 2 மில்லிமீட்டர்ப் பொட்டு நிஜத்தில் 7 சென்டிமீட்டர்ச் சொட்டை என்ற கணக்காவது தெரியுமா? சூட்டில் பெயிண்ட் கருகித் துரு நியாயமாகவே ஏறும் சைலன்சரை மட்டும் பளபளக்கும் கறுப்பில் விட்டிருக்கிறார், பாவம்.

அவருடைய புழுதியும் அப்படித்தான்: டாங்கியின் அடிவயிற்றிலும் மேல்மூடியிலும் ஒரே கனத்தில் படிகிறது. எண்ணெய் கசியும் சக்கரக் குடத்திலும், எரிபொருள் சிந்தும் வாய் ஓரத்திலும் அது கறுத்துப் பிசுக்காக அப்பும் என்பதை ஒரு லாரி டிரைவரிடம் கேட்டாலே சொல்வார். சேறு இல்லையாமே? எல் அலமைன் வெற்றிக்குப் பின் 1942 நவம்பரில் பிரிட்டிஷாரின் துரத்தலை மழை முடக்கியது. டிசம்பரில் துனிஸ் நோக்கிய நேச நாட்டுப் படை சேற்றில் சிக்கி நின்றது. அவர்கள் நண்பரின் கட்டுரையைப் படிக்காமல் போனது துரதிர்ஷ்டம்தான்.

பிறரைத் திட்டும்போது ‘துல்லியம்’, தன்னைக் கேட்டால் ‘கலை’. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. இந்த வழுக்கலின் ரகசியம் கட்டுரையின் கடைசி வரியில் இருக்கிறது: தன் பயிற்சி வகுப்பில் அவரே விற்கும் ‘பாலைவனப் புழுதி’, ரெடிமேட், ஒரே புட்டி. பாலைவனத்துக்கு ஒரே நிறம் என்ற தத்துவம் எந்த அலமாரியில் பிறந்தது என்று வாசகருக்கு இனி விளக்க வேண்டுமா? வியாபாரி என்ற முறையிலாவது சேற்றுக்கும் ஒரு புட்டி போட்டிருக்கலாம். துனிசிய டாங்கி செய்கிறவர்களின் காசை விடுவானேன்?